பற்சிப்பி அரிப்பு

அமிலம் பட்டுப் பல்லின் மேலுறை கரைந்து மெலிவது. இதில் பாக்டீரியாவுக்குப் பங்கில்லை. சொத்தைப் பல்லிலிருந்து இது வேறுபடுவது அதில்தான். பற்சிப்பியின் எடையில் ஏறத்தாழ 96 விழுக்காடு கனிமம். வாயின் பிஹெச் அளவு 5.5-க்குக் கீழே இறங்கினால் அது கரையத் தொடங்கும். கோலாவின் அளவு சுமார் 2.5, எலுமிச்சைச் சாறு இன்னும் சற்றுக் கீழே.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை உலாவுவோர் விரும்பும் எலுமிச்சை சோடாவும் இந்த வகையே. வெறும் சோடா வலுக்குறைந்த அமிலம், பல்லைப் பதம்பார்ப்பது எலுமிச்சையின் சிட்ரிக் அமிலம், ஏனெனில் அது கால்சியத்தையும் பற்றி இழுக்கும். உப்புப் போட்டுக் குடித்தாலும் புளிப்பின் வலு குறையாது. ஒரே மூச்சில் குடிப்பதைவிட, கதை பேசியபடி அரை மணி நேரம் உறிஞ்சுவதே கூடுதல் கேடு. வெயிலில் நாவறண்டிருந்தால், அமிலத்தைத் தணிக்கும் உமிழ்நீரும் குறைவு.

முதல் அறிகுறி பல் கூச்சம். பிறகு உள்ளிருக்கும் மஞ்சள் டென்டின் தெரியும். இழந்த பற்சிப்பி மீண்டும் வளராது. குடித்ததும் தண்ணீரால் கொப்பளிக்கலாம். பல் துலக்க ஒரு மணி நேரமாவது பொறுக்க வேண்டும், இளகிய பரப்பைத் தூரிகை தேய்த்துவிடும்.