நாற்பது ஆள், எட்டுக் குதிரை: பிரான்ஸ் அனுப்பிய நன்றி ரயில்

இன்னைக்கு எபிசோட்ல இரண்டு ரயில்களைப் பற்றிப் பேசப் போறேன். முதல் ரயில் 1947-இல் அமெரிக்காவில் கிளம்பியது. அதுல இருந்தது சாப்பாடு. இரண்டாவது ரயில் 1949-இல் பிரான்ஸிலிருந்து அமெரிக்காவுக்குப் போனது. அதுல இருந்தது பொம்மை, கடிதம், மரச் செருப்பு, கல்யாண கவுன், பசங்க வரைந்த படம். மொய் கணக்கு மாதிரி எழுதிப் பார்த்தால் இந்த இரண்டும் ஒன்றுக்கொன்று ஈடே ஆகாது. அப்படியிருந்தும் பிரெஞ்சுக்காரர்கள் ஏன் அனுப்பினார்கள்? இன்றைய கேள்வி அதுதான்.

முதல்ல, 1947-இல் பிரான்ஸ் எப்படி இருந்தது என்று பார்ப்போம். போர் முடிந்து இரண்டு வருடம் ஆகிவிட்டது. பிரான்ஸ் ஜெயித்தவர்கள் பக்கம். ஆனால் அந்தக் குளிர்காலம் மோசமாக அடித்தது, கோதுமை விளைச்சல் படுத்துவிட்டது. செப்டம்பரில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 200 கிராம் ரொட்டிதான் என்று ரேஷனைக் குறைத்தார்கள். சோறு இல்லாமல் அது என்ன சாப்பாடு என்று நாம கேட்போம் இல்லையா, பிரெஞ்சுக்காரர்களுக்கு ரொட்டி அந்த மாதிரி. நாடு விடுதலையான பிறகும் ரொட்டிக்கு வரிசையில் நிற்கிறோமே என்ற கோபம் வீதிகளில் இருந்தது. அந்த ஆண்டு இறுதியில் பெரிய வேலைநிறுத்தங்களும் வெடித்தன.

அமெரிக்க வெளியுறவு அமைச்சர் மார்ஷல், ஐரோப்பாவைத் தூக்கிவிட வேண்டும் என்று 1947 ஜூனில் ஹார்வர்டில் பேசிவிட்டார். ஆனால் அந்தத் திட்டம் சட்டமாக 1948 ஏப்ரல் ஆகிவிட்டது. நடுவில் ஒரு குளிர்காலம் இருக்கு. பசி அதுவரைக்கும் காத்திருக்காது.

இங்கேதான் ட்ரூ பியர்சன் வருகிறார். ஏகப்பட்ட நாளிதழ்களில் வெளியான 'வாஷிங்டன் மெர்ரி கோ ரவுண்ட்' என்ற பத்தியை எழுதியவர். ஐரோப்பாவில் ஒரு விஷயம் அவர் கண்ணை உறுத்தியது. சோவியத் யூனியன் கொஞ்சம் கோதுமை அனுப்பினால் கொண்டாட்டமாக வரவேற்கிறார்கள். அமெரிக்காவிலிருந்து அதைவிட அதிகம் வருது, ஆனால் யார் அனுப்பினார்கள் என்றே யாருக்கும் தெரியவில்லை. சரி, அரசாங்கம் வேண்டாம், சாதாரண அமெரிக்கர்களே வீட்டிலிருந்து எடுத்துக் கொடுக்கட்டும் என்று 1947 அக்டோபரில் எழுதினார். கருணை இருந்தது, கூடவே அரசியலும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை.

நவம்பர் 7 அன்று லாஸ் ஏஞ்சலஸிலிருந்து 'நட்பு ரயில்' கிளம்பியது. நின்ற ஊர்களிலெல்லாம் பெட்டிகள் சேர்ந்துகொண்டே வந்தன. மாவு, சர்க்கரை, டப்பா பால், பயறு, மக்கரோனி. 11 நாள் கழித்து நவம்பர் 18 அன்று நியூயார்க்கில் வரவேற்பு நடந்தபோது, சேர்ந்த பெட்டிகள் 200-ஐத் தாண்டிவிட்டன. மொத்த மதிப்பு சுமார் 4 கோடி டாலர் என்று கணக்குச் சொல்வார்கள். ரயில் கம்பெனிகள் வாடகை வாங்கவில்லை. பிரான்ஸுக்கும் இத்தாலிக்கும் போன அந்த மூட்டைகளில், இது அமெரிக்க மக்கள் தருவது என்று ஒரு சீட்டும் ஒட்டியிருந்தது.

அந்தச் சீட்டைக் கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. மாவு மூட்டை உங்கள் கைக்கு வருகிறது. வயிறு நிறைகிறது. ஆனால் கொடுத்தவர் யார் என்று தெரிந்துவிட்டது. இனி அது வெறும் மாவு இல்லை, கடன்.

மார்செல் மோஸ் என்ற பிரெஞ்சுச் சமூகவியலாளர் 1925-இல் கொடையைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை வெளியிட்டார். பல சமூகங்களைப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: கொடுப்பது, வாங்கிக்கொள்வது, திருப்பித் தருவது, மூன்றுமே கடமை. திருப்பித் தர முடியாமல் வெறுமனே வாங்கிக்கொண்டே இருப்பவர் தாழ்ந்துபோகிறார். உதவி பசியை ஆற்றும். அதே உதவி மனதில் ஒரு கீறலும் போடும். வாங்கும் இடத்தில் நின்றவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம்.

பிரான்ஸில் இதைப் புரிந்துகொண்டு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஆரம்பித்தவர் அமைச்சரோ பேராசிரியரோ இல்லை. ஆந்த்ரே பிக்கார் என்ற ரயில்வே தொழிலாளி, போரில் இருந்தவர். ஒரு சரக்குப் பெட்டியில் பரிசுகளை நிரப்பி அனுப்பலாம் என்பதுதான் அவருடைய யோசனை. முன்னாள் படைவீரர்களின் அமைப்புகள் அதைக் கையில் எடுத்தன. ஒரு பெட்டி 49 பெட்டிகள் ஆனது. அன்றைக்கு அமெரிக்காவில் 48 மாநிலங்கள், மாநிலத்துக்கு ஒன்று. 49-ஆவது பெட்டி தலைநகர் வாஷிங்டனுக்கும், அப்போது மாநிலமாக ஆகாத ஹவாய்க்கும் சேர்த்து.

எந்தப் பெட்டிகளைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதுதான் எனக்கு இந்தக் கதையிலேயே முக்கியமாகப் படுகிறது. புதுப் பெட்டி இல்லை. 19-ஆம் நூற்றாண்டில் செய்த மரப் பெட்டிகள். வெளியே '40 ஆள், 8 குதிரை' என்று எழுதியிருக்கும். அதாவது நாற்பது சிப்பாய்களை ஏற்றலாம், இல்லைன்னா எட்டுக் குதிரைகளை. முதல் உலகப் போரில் பிரான்ஸுக்கு வந்த அமெரிக்கச் சிப்பாய்கள் இதே ரகப் பெட்டிகளில் நெருக்கியடித்துத்தான் போர்முனைக்குப் போனார்கள். ஊர் திரும்பிய பிறகு 1920-இல் 'நாற்பதும் எட்டும்' என்ற பெயரிலேயே ஒரு சங்கம் தொடங்கினார்கள். பட்ட பாட்டையே பெயராக வைத்துக்கொண்டார்கள்!

இந்தப் பெட்டிகளுக்கு இன்னொரு நினைவும் உண்டு, அதில் சிரிப்பு இல்லை. 1942 முதல் 1944 வரை பிரான்ஸிலிருந்து சுமார் 76,000 யூதர்கள் நாடுகடத்தப்பட்டார்கள். பெரும்பாலானவர்களை அவுஷ்விட்ஸுக்குக் கொண்டுபோனார்கள், பெரும்பாலும் இப்படிப்பட்ட சரக்குப் பெட்டிகளில் அடைத்து. உயிரோடு திரும்பியவர்கள் சுமார் 2,500 பேர்தான். பிரெஞ்சு ரயில்வேதான் அந்த ரயில்களை ஓட்டியது. நன்றி சொல்லப் போன ரயில், அந்த நாட்டின் வீரத்தையும் வெட்கத்தையும் சேர்த்துச் சுமந்த ரகப் பெட்டிகளால் ஆனது. அன்றைய விழாக்கள் வீரத்தைப் பற்றி மட்டும்தான் பேசின. நாம இரண்டையும் பார்க்கணும்.

பெட்டிகளுக்குப் பெயிண்ட் அடித்து, பிரெஞ்சு மாகாணங்களின் சின்னங்களைப் பக்கவாட்டில் பொருத்தினார்கள். பரிசுகள் வந்து குவிந்தன: சுமார் 52,000 பொருட்கள். இதில் 60 லட்சம் பேர் பங்கெடுத்ததாகச் சொல்வார்கள். பாரிஸின் பெரிய தையற்கலைஞர்கள் 1715 முதல் 1906 வரையான உடைகளைக் காட்டும் 49 பொம்மைகளைச் செய்து அனுப்பினார்கள். அவை இப்போது நியூயார்க்கின் மெட்ரோபாலிடன் மியூசியத்தில் இருக்கின்றன. ஆனால் பெரும்பாலான பரிசுகள் மியூசியத்துக்கானவை இல்லை. வீட்டு அலமாரியிலிருந்து எடுத்தவை. பீரங்கிக் குண்டின் வெற்றுக் கூட்டைத் தட்டிச் செய்த பூ ஜாடி, பின்னல் வேலை, பழைய பதக்கம், இந்த மாதிரி. ரேஷன் கார்டோடு வாழ்ந்துகொண்டிருந்தவர்கள் கொடுத்தது இது.

1949 ஜனவரியில் ல ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து மகெல்லன் என்ற கப்பல் கிளம்பியது. பக்கவாட்டில் 'மெர்ஸி அமெரிக்கா' என்று பெரிய எழுத்தில் எழுதியிருந்தது. பிப்ரவரி தொடக்கத்தில் நியூயார்க் துறைமுகத்தில் வரவேற்பு. ஆனால் இந்தப் பழைய பெட்டிகளின் இணைப்பும் பிரேக்கும் அமெரிக்க ரயில்களோடு பொருந்தாது. அதனால் தட்டையான வேகன்களின் மேல் ஏற்றிக் கட்டித்தான் மாநிலம் மாநிலமாகக் கொண்டுபோனார்கள். ரயில் மேல் ரயில்!

அதுக்கப்புறம் என்ன ஆச்சு? ஒவ்வொரு மாநிலமும் தன் இஷ்டப்படி பண்ணியது. சில பொருட்கள் மியூசியத்துக்குப் போயின, சில ஏலத்துக்குப் போயின, பல யார் கையிலோ சிதறிப்போயின. பெட்டிகளில் பெரும்பாலானவை இன்னும் இருக்கு. பலவற்றைக் காப்பாற்றியது அந்த 'நாற்பதும் எட்டும்' சங்கத்துக்காரர்கள்தான். சில தீயில் போயின, சில பழைய இரும்புக்குப் போயின.

பனிப்போர்க் காலத்தின் விளம்பரம்தானே இது என்று யாராவது கேட்டால், ஆமாம், அதுவும்தான். ஆனால் கொடுத்த ஒவ்வொருவரும் விளம்பரத்துக்காகக் கொடுத்தார்கள் என்று சொன்னால் நான் ஒத்துக்கமாட்டேன். மார்ஷல் திட்டம் அப்போது ஓடிக்கொண்டிருந்தது. ஒரு மரச் செருப்பை அனுப்பாவிட்டாலும் பிரான்ஸுக்கு வந்த டாலர் நின்றிருக்காது. கிடைத்த மாவுக்கு விலை கொடுக்க அவர்களால் முடியாது, அது அவர்களுக்கே தெரியும். எங்களிடமும் கொடுக்க ஏதோ இருக்கிறது என்று காட்ட முடிந்தது. அதைக் காட்டினார்கள். அமெரிக்கர்கள் அதை வாங்கிக்கொண்டதும் ஒரு மரியாதைதான். உதவி செய்கிறவர்கள் பெரும்பாலும் மறந்துபோவது இந்த இடத்தைத்தான்: எதிராளி திருப்பித் தர வரும்போது 'அதெல்லாம் எதுக்குங்க' என்று தடுத்துவிடுவோம். அவர்களை வாங்குகிறவர்களாகவே நிறுத்திவிடுவோம்.

உங்கள் வீட்டில், தெருவில் இப்படி ஒரு பதில் கொடை பார்த்திருந்தால் எங்களுக்கு எழுதுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.