வானத்தைப் பார்த்து அடித்த சர்வ்

பாஸ்டனில் லாங்வுட் என்றால் இன்று மருத்துவமனைகள்தான். அந்த வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். அந்த வட்டாரத்தில் ஒருகாலத்தில் புல்தரை டென்னிஸ் ஆடினார்கள் என்பது, ஐம்பது வயதுக்குமேல் கிக் சர்வ் பழகத் தொடங்கிய பிறகே எனக்குத் தெரிந்தது.

“முன்னால அடிக்காதீங்கப்பா, மேல்பக்கமா உரசுங்க” என்கிறாள் மகள். எதிர்ப்பக்கம் போகவேண்டிய பந்தை வானத்தைப் பார்த்து அடிக்க என் கை மறுக்கிறது. யார் கண்டுபிடித்த வித்தை இது என்ற எரிச்சலில்தான் தேடிப் படித்தேன்.

1900 ஆகஸ்ட். லாங்வுட் கிரிக்கெட் கிளப் மைதானத்தில் முதல் டேவிஸ் கோப்பைப் போட்டி. பிரிட்டனிலிருந்து கோர், பிளாக், ரோப்பர் பாரெட் மூவரும் வந்தார்கள். எதிரே கோப்பையைக் கொடுத்த டுவைட் டேவிஸ், ஹோல்கம் வார்ட், மால்கம் விட்மன். மூவரும் ஹார்வர்டில் படித்தவர்கள். வார்டும் டேவிஸும் பழகிவைத்திருந்ததுதான் ‘அமெரிக்கன் ட்விஸ்ட்’. பந்தைத் தலைக்குமேல் சற்றுப் பின்னால் எறிந்து, முதுகை வளைத்து, மட்டையைக் கீழிருந்து மேலாகவும் குறுக்காகவும் இழுப்பார்கள். முன்னோக்கிச் சுழலும் பந்து காற்றை மேலே திருப்பிவிடும். அதற்கு ஈடாகப் பந்து கீழே தள்ளப்படும். எனவே வலைக்கு வெகு உயரத்தில் போனாலும் கட்டத்துக்குள் இறங்கிவிடும். தரையில் பட்டதும் எகிறிப் பக்கவாட்டில் விலகும். வார்ட் வலக்கையர், டேவிஸ் இடக்கையர். இரட்டையர் ஆட்டத்தில் ஒருவர் பந்து எதிராளியின் இடப்பக்கம் தாவினால் மற்றவர் பந்து வலப்பக்கம் தாவும். பாவம், பிளாக்கும் பாரெட்டும் மூன்று செட்களிலும் 6-4 என்று தோற்றார்கள். போட்டி 3-0.

புல் நீளம், வலை தொங்கல், பந்து மெத்து என்று பாரெட் பிறகு குறைசொன்னார். அதே பந்தில்தானே அமெரிக்கரும் ஆடினார்கள்? ஆனால் அந்த சர்வ் தங்களுக்குப் புதிது, திகைத்துப்போனோம் என்றும் ஒப்புக்கொண்டார். அந்த நேர்மை எனக்குப் பிடித்தது.

வேடிக்கை என்னவென்றால், சாய்த்த மட்டையால் அடித்த பந்து வளைந்து போவதைப் பற்றி நியூட்டன் 1672இலேயே எழுதியிருக்கிறார். டென்னிஸ் பந்தின் கோணலான பாதையை விளக்கி ரேலி பிரபு கட்டுரை எழுதியது 1877இல். முதல் விம்பிள்டன் நடந்ததும் அதே ஆண்டுதான். ஏட்டில் இருந்தது ஆட்டக்காரர் கைக்கு வரவில்லை. வந்தபோது அது அமெரிக்கக் கையாக இருந்தது.

பிரிட்டன் விரைவில் ஈடுகட்டிவிட்டது. 1900இல் வராத டோஹர்ட்டி சகோதரர்கள், மறு ஆண்டு விம்பிள்டன் இரட்டையர் ஆட்டத்தில் டேவிஸ்–வார்ட் ஜோடியை வென்றார்கள். 1903இல் இதே லாங்வுட்டுக்கு வந்து 4-1 என்று கோப்பையையும் கொண்டுபோனார்கள்.

இன்னொன்று. அந்தக் காலத்தில் சர்வ் போடும்போது ஒரு காலாவது தரையில் இருக்கவேண்டும். வார்டும் டேவிஸும் துள்ளாமலே இதைச் செய்தார்கள். நான் துள்ளுகிறேன், பந்து இன்னும் வலையில்தான். போன சனிக்கிழமை மட்டும் ஒன்று மேலே போய், இறங்கி, மகளின் தோள் உயரத்துக்கு எகிறியது. “இன்னொண்ணு போடுங்க” என்றாள். வரவில்லை.