வெளிநாடுவாழ்வோரின் மருத்துவக் காப்பீட்டு மாற்றம்

வெளிநாடுவாழ்வோரின் மருத்துவக் காப்பீட்டு மாற்றம் என்பது, தமது குடியுரிமை நாட்டுக்கு வெளியே வாழும் ஒருவர் தாம் வைத்துள்ள தனியார் மருத்துவக் காப்பீட்டை விட்டு வேறொரு காப்பீட்டுக்கு மாறுவதைக் குறிக்கும். வேலை மாற்றம், நாடு மாற்றம், ஓய்வு, கட்டண உயர்வு ஆகியவை இதற்கான பொதுவான காரணங்கள் ஆகும். இலங்கை, மலேசியா, சிங்கப்பூர்த் தமிழில் காப்பீடு என்பது காப்புறுதி என வழங்கும். பழைய ஒப்பந்தம் முடியும் நாளுக்கும், புதிய ஒப்பந்தம் முழுப் பயன் தரத் தொடங்கும் நாளுக்கும் இடையில் விழும் இடைவெளியே இம்மாற்றத்தின் முதன்மைச் சிக்கல் ஆகும்.

இக்கட்டுரை புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் மாவட்டத்தின் கோட்டுச்சேரியை எடுத்துக்காட்டாகக் கொண்டு இப்பொருளை விளக்குகிறது.

கோட்டுச்சேரியும் இரு வகை வெளிநாட்டுவாழ்வும்

கோட்டுச்சேரி, காரைக்கால் நகருக்கு வடக்கே தரங்கம்பாடி செல்லும் வழியில் அமைந்த ஊர் ஆகும். இது மாவட்டத்தின் கொம்யூன் பஞ்சாயத்துகளுள் ஒன்று. கொம்யூன் என்னும் சொல்லே பிரெஞ்சு ஆட்சியின் எச்சம். 1739 இல் காரைக்கால் பிரெஞ்சுக்காரர் வசம் சென்றது. 1954 நவம்பர் 1 அன்று ஆட்சி நடைமுறையில் இந்தியாவிடம் வந்தது. 1956 மே 28 இல் கையெழுத்தான ஒப்படைப்பு உடன்படிக்கை 1962 ஆகஸ்டு 16 அன்றுதான் சட்டப்படி நடைமுறைக்கு வந்தது. அதன்பின் ஆறு மாதங்களுக்குள் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தெரிவு செய்துகொள்ள அப்பகுதி மக்களுக்கு வாய்ப்பளிக்கப்பட்டது. அவ்வாறு தெரிவு செய்தோரின் வழியினர் இன்றும் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் வாழ்கின்றனர். பிரெஞ்சுப் படையில் பணியாற்றி ஓய்வூதியம் பெறுவோரை மக்கள் சொல்தா என்று அழைப்பர். பிரெஞ்சு அதிபர் தேர்தல்களில் காரைக்காலில் வாக்குச்சாவடி அமைக்கப்படுவது வழக்கம்.

ஆகவே இங்கு வெளிநாட்டுவாழ்வு இரு வகைப்படும். வளைகுடா நாடுகள், சிங்கப்பூர், மலேசியா, பிரான்சு ஆகிய இடங்களில் பணிபுரியும் இந்தியக் குடிமக்கள் முதல் வகையினர். தாம் பிறந்த தெருவிலேயே வாழ்ந்துகொண்டு, பிரெஞ்சுச் சட்டத்தின் பார்வையில் வெளிநாட்டில் வாழ்வோராகக் கருதப்படும் பிரெஞ்சுக் குடிமக்கள் இரண்டாம் வகையினர். ஒரே குடும்பத்தில் இரு வகையினரும் இருப்பது உண்டு. அண்ணன் துபாயிலும், தம்பி பாரிசுப் புறநகரிலும், பெற்றோர் கோட்டுச்சேரியிலும் இருக்கும் ஒரு வீட்டில் மூன்று நாடுகளின் காப்பீட்டு விதிகள் ஒருங்கே செயல்படும்.

மாறும்போது இழக்கப்படுபவை

மருத்துவக் காப்பீட்டின் மதிப்பு அதன் தொகையில் மட்டும் இல்லை. ஒப்பந்தத்தின் வயதும் மதிப்புடையதே. ஒருவர் நலமாக இருந்தபோது எடுத்த காப்பீடு, பின்னர் வந்த நீரிழிவுக்கும் இதய நோய்க்கும் பொறுப்பேற்கிறது. அதே நபர் புதிய நிறுவனத்திடம் செல்லும்போது அந்நோய்கள் முன்னிருந்த நோய்கள் ஆகிவிடுகின்றன. புதிய நிறுவனம் அவற்றை முற்றாக விலக்கலாம், சில ஆண்டுகள் காத்திருக்கச் சொல்லலாம், கூடுதல் கட்டணம் கேட்கலாம், அல்லது விண்ணப்பத்தையே மறுக்கலாம்.

பன்னாட்டுத் தனியார் காப்பீடுகளில் விண்ணப்பத்தை ஏற்கும் முறைகள் மூன்று. முழு மருத்துவ மதிப்பீட்டில், விண்ணப்பதாரர் தம் நோய் வரலாறு முழுவதையும் எழுதிக் கொடுக்க வேண்டும். மாரட்டோரியம் முறையில் வினாக்கள் குறைவு. ஆனால் பெரும்பாலும் கடந்த ஐந்து ஆண்டுகளில் இருந்த நோய்கள் தாமாகவே விலக்கப்படும். புதிய ஒப்பந்தத்தில் தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் அந்நோய்க்கு மருந்தோ சிகிச்சையோ தேவைப்படாவிட்டால்தான் அது சேர்க்கப்படும். நாள்தோறும் மாத்திரை உட்கொள்ளும் நீரிழிவு நோயாளிக்கு அந்த இரண்டு ஆண்டுகள் ஒருபோதும் நிறைவு பெறா. மூன்றாவது, தொடர்ச்சி முறை. பழைய நிறுவனம் விதித்திருந்த விலக்குகளை மட்டும் அப்படியே ஏற்று, புதியன சேர்க்காமல் மாற்றிக்கொள்வது இது. மாறுவோருக்குப் பெரிதும் ஏற்றது இதுவே. ஆனால் கேட்டுப் பெற வேண்டும்.

இந்தியக் காப்பீட்டில் மாரட்டோரியம் என்னும் இதே சொல் வேறொரு பொருளில் வருகிறது. அங்கு அது, காப்பீடு தொடர்ந்து 60 மாதங்கள் நிறைவடைந்தபின், மோசடி நிறுவப்பட்டாலன்றி, தகவலைத் தெரிவிக்கவில்லை அல்லது தவறாகத் தெரிவித்தார் எனக் காட்டி நிறுவனம் கோரிக்கையை மறுக்க முடியாது என்னும் பாதுகாப்பைக் குறிக்கும். ஒரே சொல் ஓரிடத்தில் நோயாளிக்குத் தடையாகவும், மற்றோரிடத்தில் அவருக்குக் கேடயமாகவும் அமைகிறது.

கோட்டுச்சேரியில் வாழும் பிரெஞ்சுக் குடிமக்கள்

பிரான்சின் சமூகப் பாதுகாப்பு, பொதுவாகப் பிரான்சில் வாழ்வோருக்கு உரியது. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சுக்காரருக்கென வெளிநாட்டுப் பிரெஞ்சுக்காரர் நிதியம் செயல்படுகிறது. இது பிரெஞ்சுப் பெயரின் முதலெழுத்துகளால் சே.எஃப்.ஏ. எனப்படும். இதன் தலைமையகம் பாரிசுக்குத் தென்கிழக்கே மெலன் நகருக்கு அருகில் உள்ள ருய்பெல் என்னும் ஊரில் உள்ளது. இதில் சேர்வது கட்டாயம் அன்று.

இந்நிதியம் உடல்நல வினாத்தாள் கேட்பதில்லை. வயது வரம்பும் இல்லை. தனியார் நிறுவனங்களிடமிருந்து இதனை வேறுபடுத்துவது இதுவே. எனினும் நாட்டை விட்டு வெளியேறி உடனே சேராமல் காலம் தாழ்த்திச் சேர்வோர், வயதுக்கேற்பச் சில மாதங்கள் காத்திருக்க வேண்டும். நிதியம் செலவின் ஒரு பகுதியையே ஈடு செய்வதால், எஞ்சியதற்குத் தனியார் துணைக் காப்பீடு ஒன்றைப் பலர் சேர்த்துக்கொள்கின்றனர். மாற்றம் நிகழ்வது பெரும்பாலும் இத்துணைக் காப்பீட்டில்தான். அடித்தளம் நிதியத்தில் இருக்கும்வரை துணைக் காப்பீட்டை மாற்றுவதில் ஆபத்து குறைவு. பணம் மிச்சப்படுத்த எண்ணி நிதியத்தையே விட்டுவிட்டு, முழுவதும் தனியார் நிறுவனத்துக்கு மாறும் முதியவரே சிக்கலுக்கு உள்ளாகிறார்.

ஓய்வூதியர் நிலை சற்று வேறானது. வெளிநாட்டில் வாழும் பிரெஞ்சு ஓய்வூதியர் தற்காலிகமாகப் பிரான்சு செல்லும்போது அங்கு சிகிச்சை பெறும் உரிமை, 2019 சூலை 1 முதல் பொதுவாக 15 ஆண்டுகள் பங்களிப்புச் செய்தோருக்கு என வரையறுக்கப்பட்டது. குறைந்த ஆண்டுகளே பிரான்சில் வேலை செய்து ஊர் திரும்பியோர் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பிரான்சுக்கே குடிபெயர்வோர் அங்கு 2016 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள அனைவருக்குமான நோய்ப் பாதுகாப்பில் சேரலாம். வேலையில் சேர்வோருக்கு உரிமை உடனே தொடங்கும். வேலையின்றிக் குடியேறுவோர் பொதுவாக மூன்று மாதங்கள் நிலையாகத் தங்கியிருக்க வேண்டும். அங்கு மியூத்துவெல் எனப்படும் துணைக் காப்பீட்டை, ஓராண்டு முடிந்தபின் எப்போது வேண்டுமானாலும் கட்டணமின்றி விலக்கிக்கொள்ளும் உரிமை 2020 திசம்பர் 1 முதல் உள்ளது.

மக்களைப் பார்க்கச் செல்லும் இந்தியப் பெற்றோர்களுக்கு இவை எவையும் பொருந்தா. செங்கன் நுழைவிசைவுக்கு அவர்கள் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள பயண மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும். பயணக் காப்பீடு திடீர் நோய்க்கும் விபத்துக்கும் உரியது. அதனை மருத்துவக் காப்பீட்டின் மாற்றாகக் கொள்ளலாகாது.

பணிபுரியும் நாடுகளில்

ஐக்கிய அரபு அமீரகத்தில் மருத்துவக் காப்பீடு அபுதாபியில் 2005 ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், துபாயில் 2013 ஆம் ஆண்டின் 11 ஆம் எண் சட்டத்தாலும் கட்டாயமாக்கப்பட்டது. வட அமீரகங்களுக்கு 2025 சனவரி 1 முதல் இக்கட்டாயம் விரிவாக்கப்பட்டது. தொழிலாளிக்கான கட்டணத்தை முதலாளி செலுத்துவார். இதனால் காப்பீடு வேலையுடன் பிணைந்தே இருக்கும். வேலை போனால் நுழைவிசைவும், அதனோடு காப்பீடும் போகும். புதிய வேலையில் சேரும்போது, முன்பு இடைவெளியின்றிக் காப்பீடு இருந்தது என்பதற்கான தொடர்ச்சிச் சான்றிதழைப் பழைய நிறுவனத்திடம் பெற்றுக் கொடுப்பது, நாட்பட்ட நோய்களுக்கான காத்திருப்பைத் தவிர்க்க உதவும்.

சிங்கப்பூரில் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் 2015 நவம்பர் 1 முதல் மெடிசீல்டு லைஃப் என்னும் அடிப்படைக் காப்புறுதி உண்டு. முன்னிருந்த நோய்களும் அதில் அடங்கும். அதன் மேல் எடுக்கப்படும் தனியார் ஒருங்கிணைந்த திட்டத்தை மாற்றினால், புதிய நிறுவனம் முன்னிருந்த நோய்களை விலக்கக்கூடும். வேலை அனுமதியில் இருக்கும் அயல்நாட்டுத் தொழிலாளருக்கு மெடிசீல்டு இல்லை. அவர்களுக்கு முதலாளி எடுக்க வேண்டிய காப்புறுதியின் குறைந்த அளவு, 2023 சூலை 1 முதல் ஆண்டுக்கு 15,000 வெள்ளியிலிருந்து 60,000 வெள்ளியாக உயர்த்தப்பட்டது.

செருமனியில் மாறுவோர் வயதையும் எண்ண வேண்டும். தனியார் காப்பீட்டுக்குச் சென்றவர் 55 வயதுக்குப் பின் பொதுக் காப்பீட்டுக்குத் திரும்புவது பொதுவாக இயலாது. முதுமைக்காலக் கட்டண உயர்வைச் சமாளிக்க நிறுவனம் சேர்த்து வைக்கும் தொகையின் ஒரு பகுதியை வேறு நிறுவனத்துக்கு எடுத்துச் செல்லும் உரிமை, 2009 சனவரி 1 முதல் எடுக்கப்பட்ட ஒப்பந்தங்களுக்கு உண்டு.

நாடு திரும்புவோரும் இந்தியப் பெயர்வுரிமையும்

இந்தியாவில் ஒரு நிறுவனத்திலிருந்து மற்றொன்றுக்கு, காத்திருந்த காலத்தை இழக்காமல் மாறும் உரிமை 2011 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இது பெயர்வுரிமை அல்லது போர்ட்டபிலிட்டி எனப்படும். கைபேசி எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்றும் வசதி நாடெங்கும் வந்ததும் அதே ஆண்டில்தான். ஆனால் கைபேசி நிறுவனத்தைப் போலன்றி, புதிய காப்பீட்டு நிறுவனம் விண்ணப்பத்தை மறுக்கலாம்.

இவ்வுரிமை இந்திய நிறுவனங்களுக்கு இடையில் மட்டுமே செல்லும். காட்டாக, கோட்டுச்சேரியைச் சேர்ந்த ஒருவர் துபாயில் இருபது ஆண்டுகள் முதலாளியின் குழுக் காப்பீட்டில் இருந்து, 54 வயதில் நீரிழிவுடன் ஊர் திரும்புகிறார் எனக் கொள்வோம். அந்த இருபது ஆண்டுகள் இந்தியக் காப்பீட்டில் ஒரு நாளாகவும் கணக்கில் வாரா. அவர் புதிதாகத் தொடங்க வேண்டும். முன்னிருந்த நோய்க்கான காத்திருப்பு 2024 ஏப்ரல் முதல் அதிக அளவாக 3 ஆண்டுகள் ஆகும். அதற்கு முன் அது 4 ஆண்டுகளாக இருந்தது. இதற்கு மாறாக, வெளிநாட்டில் இருக்கும்போதே இந்தியாவில் சிறு தொகைக்கேனும் ஒரு தனிநபர் காப்பீட்டை எடுத்து ஆண்டுதோறும் புதுப்பித்து வந்திருந்தால், அவர் திரும்பும் நாளில் காத்திருப்பு முடிந்திருக்கும். வெளிநாடுவாழ் இந்தியர் இவ்வாறு எடுக்கத் தடையில்லை. பயன்படுத்தாத காப்பீட்டுக்குப் பணம் கட்டுவது வீண் எனத் தோன்றினாலும், அப்பணம் வாங்குவது காலத்தை. தொகையைப் பின்னர் உயர்த்தினால், உயர்த்திய பகுதிக்கு மட்டும் காத்திருப்பு புதிதாகத் தொடங்கும்.

பெயர்வுக்கான விண்ணப்பத்தைப் புதுப்பிப்பு நாளுக்கு 45 நாள்கள் முன்னதாக அளிப்பது 2011 முதல் இருந்து வந்த விதி. ஆண்டுக்கு ஒரு மாத விடுப்பில் மட்டும் ஊர் வரும் வளைகுடாத் தொழிலாளிக்கு இது பெரும் இடையூறு. புதுப்பிப்பு நாளும், மருத்துவப் பரிசோதனைக்கு நேரில் வர வேண்டிய நாளும், விடுப்பும் ஒன்றோடொன்று பொருந்துவது அரிது. 2024 மே மாதம் வெளியான ஒழுங்காற்று ஆணையத்தின் தலைமைச் சுற்றறிக்கை, பழைய நிறுவனம் 72 மணி நேரத்தில் விவரங்களைத் தர வேண்டும் எனவும், புதிய நிறுவனம் 5 நாள்களில் முடிவு கூற வேண்டும் எனவும் விதித்தது. தனிநபர் மருத்துவக் காப்பீட்டின் மீது இருந்த 18 விழுக்காடு பொருள் சேவை வரி, 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது.

இந்திய நிறுவனத்தில் குழுக் காப்பீட்டில் இருந்து விலகுவோர், முதலில் அதே நிறுவனத்தின் தனிநபர் காப்பீட்டுக்கு மாறி, பின்னர் வேறு நிறுவனத்துக்குப் பெயரலாம்.

மாறும் ஒழுங்கு

புதிய நிறுவனம் எழுத்தில் ஏற்கும்வரை பழைய ஒப்பந்தத்தை விலக்கலாகாது. ஏற்புக் கடிதத்தில் உள்ள விலக்குகளைப் படித்தபின், இரு ஒப்பந்தங்களும் சில நாள்கள் ஒன்றன் மேல் ஒன்று படியுமாறு அமைத்துக்கொள்வது பாதுகாப்பானது. இந்தியாவில் ஆண்டுக் கட்டணம் செலுத்துவோருக்கு 30 நாள்கள் சலுகைக் காலம் உண்டு. அக்காலத்தில் கட்டினால் தொடர்ச்சி காக்கப்படும். ஆனால் கட்டாதிருந்த நாள்களில் நேர்ந்த மருத்துவமனைச் செலவு கிடைக்காது.

நோயை மறைத்து எழுதுவது பெருங்கேடு. முகவர் நிரப்பிய படிவமாயினும் கையொப்பமிட்டவரே பொறுப்பாவார். பழைய மருத்துவமனைக் குறிப்புகள், முந்தைய ஒப்பந்தங்கள், கோரிக்கைப் பதிவுகள் ஆகியவற்றை நாடு மாறும் முன்னரே பெற்று வைப்பது நன்று.

கோட்டுச்சேரி போன்ற ஊரில் வாழ்வோர் எந்த ஊரில் சிகிச்சை பெறுவர் என்பதையும் பார்க்க வேண்டும். பெரிய சிகிச்சைகளுக்கு இப்பகுதியினர் தஞ்சாவூர், புதுச்சேரி, சென்னை ஆகிய நகரங்களுக்குச் செல்வது வழக்கம். சில நிறுவனங்கள் ஊர்களை மண்டலங்களாகப் பிரித்துக் கட்டணம் விதிக்கின்றன. குறைந்த கட்டண மண்டலத்தில் எடுத்த காப்பீட்டைக் கொண்டு சென்னையில் சிகிச்சை பெற்றால், செலவில் ஒரு பங்கை நோயாளியே ஏற்க நேரிடலாம்.

முறையீடு

இந்திய நிறுவனம் கோரிக்கையை மறுத்தால், முதலில் அந்நிறுவனத்தின் குறைதீர் அலுவலரிடம் எழுத்தில் முறையிட வேண்டும். ஒரு மாதத்துக்குள் விடை வராவிட்டாலோ, வந்த விடை மனநிறைவு தராவிட்டாலோ, ஓராண்டுக்குள் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரை நாடலாம். இதற்குக் கட்டணம் இல்லை. புதுச்சேரி ஒன்றியப் பகுதி இதில் மூன்றாகப் பிரிந்துள்ளது. மாகே கொச்சி அலுவலகத்தையும், ஏனாம் ஐதராபாத் அலுவலகத்தையும், புதுச்சேரி நகரும் காரைக்காலும் சென்னை அலுவலகத்தையும் சேர்ந்தவை.