கடற்காற்று எவருக்கு உரியது?

களனி கங்கையின் மேற்பாகத்து நீரினால் மின்சாரம் ஆக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அவர் கண்ட கனவு இலக்சபானவில் 1950ஆம் ஆண்டிற் கைகூடிற்று. அந்நீரே கித்துல்கலையையும் ருவான்வெல்லையையும் கடந்து கொழும்பின் வடக்கே கடலிற் கலக்கின்றது. ஆறு நாட்டுக்குள்ளேயே பிறந்து நாட்டுக்குள்ளேயே முடிவதால், அதன் நீர் எந்நாட்டுக்கு உரியது என்ற வழக்கு எழவில்லை. (மின்கம்பிகள் தலைக்கு மேலே சென்றும் தோட்டத்து லயங்கள் பல நெடுங்காலம் மண்ணெண்ணெய் விளக்கிலேயே இருந்தன என்பது வேறு கதை.) ஆனால் கரைக்கு அப்பால், அலைகளின் மேல் வீசும் காற்று எவருக்கு உரியது?

பண்டைச் சட்டநூலோர் இவ்வினாவை எண்ணியும் பார்த்திலர். பீரங்கிக் குண்டு சென்று விழும் தூரம், அதாவது ஏறத்தாழ மூன்று கடல் மைல், கரையோர நாட்டுக்கு உரியது. எஞ்சிய கடல் எல்லோருக்கும் பொது என்பதே அவர் கொள்கை. 1945இல் அமெரிக்க ஜனாதிபதி ட்ரூமன், கரையை அடுத்த கடற்படுகையின் எண்ணெய்க்கும் கனிகளுக்கும் உரிமை கோரினார். 1958ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையும் கடற்படுகையைப் பற்றியே பேசிற்று. காற்றைப் பற்றி ஒரு சொல்லும் உரைக்கவில்லை.

1973இல் கூடிய ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க ஆவர். 1980இல் அவர் மறைந்தார். அவர் நடத்திவந்த பணி 1982 டிசம்பர் 10ஆம் நாள் ஜமெய்க்காவில் ஒப்பமாயிற்று. அவ்வுடன்படிக்கையின் 56ஆம் உறுப்புரை, 200 கடல் மைல் வரை நீர், நீரோட்டம், காற்று ஆகியவற்றினின்று சக்தி ஆக்கும் உரிமையைக் கரையோர நாட்டுக்கு அளித்தது. இலங்கை அதனை 1994இல் ஏற்றுறுதி செய்தது.

வியப்புக்குரிய செய்தி ஒன்றுண்டு. இந்தியா 1976இல் இயற்றிய கடல் வலயச் சட்டத்திலேயே காற்றினின்று சக்தி ஆக்குதல் குறிப்பிடப்பட்டுள்ளது. உலகின் முதலாவது கடற்காற்றாலைத் தொகுதி டென்மார்க்கின் விண்டெபியில் எழுந்தது 1991இலேயே! சட்டம் தொழிலுக்குப் பின்னே நொண்டி வரும் என்பர். இங்கே பதினைந்து ஆண்டுகள் முந்திக்கொண்டது. அச்சட்டத்தின் கீழேயே 2023இல் இந்தியா கடற்காற்றுக் குத்தகை விதிகளை வெளியிட்டது. முதலில் ஆய்வுக்குச் சில ஆண்டுகள், பின்னர் ஆலைக்கு 35 ஆண்டுகள் வரை குத்தகை என்பது அவற்றின் அமைப்பு.

இலங்கையிலே 2007ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் நிலைபெறுதகு வலு அதிகாரசபையை நிறுவி, புதுப்பிக்கத்தக்க சக்தி வளங்களைக் குடியரசின் உடைமை ஆக்கியது. அனுமதிப்பத்திரமின்றி எவரும் அவற்றைக் கொண்டு மின்சாரம் ஆக்கி நாட்டின் மின்வலையமைப்புக்கு வழங்குதல் ஆகாது. எனினும் அச்சட்டத்தின் கீழ் எழுந்தவற்றுட் பல மலைநாட்டு ஓடைகளிலும் கரையோர நிலத்திலும் அமைந்த திட்டங்களே. 2020இல் மன்னார்த் தீவில் திறக்கப்பட்ட தம்பபவனி, 30 காற்றாலைகளும் 103.5 மெகாவாற்று ஆற்றலும் உடையது. அதுவும் நிலத்திலேயே நிற்கின்றது.

நாளை அவை கடலில் இறங்குமாயின், கடற்றொழிலாளரின் நிலை யாது? உடன்படிக்கையின் 60ஆம் உறுப்புரை, கடலில் எழுப்பிய ஒவ்வொரு கட்டுமானத்தையும் சுற்றி 500 மீற்றர் வரை பாதுகாப்பு வலயம் வகுக்க இடந்தருகின்றது. முப்பது ஆலைகளுக்கும் கணக்கிட்டால், வலயங்கள் ஒன்றையொன்று தொடாவிடின், ஏறத்தாழ 24 சதுர கிலோமீற்றர் கடலாகும். அதனுள்ளே தோணி செல்லலாமா, வலை விரிக்கலாமா, இழப்புக்கு ஈடு யாது என்பவற்றை உடன்படிக்கை சொல்லவில்லை; ஒவ்வொரு நாடும் தன் விதிகளிலேயே எழுதிவைத்தல் வேண்டும்.