வாழையைச் சாய்க்கும் கோடைக் காற்று

பங்குனி கடைசியில் இருந்து வைகாசி வரைக்கும் நம்ம கொங்குச் சீமையில் வாழை போட்டவர்களுக்கு மனசு நிம்மதியாக இருக்காது. காலையில் வெயில் கொளுத்தும். மத்தியானத்துக்கு மேல் மேகம் திரளும். பொழுது சாயும் நேரத்தில் ஒரு காற்று கிளம்பும். கால் மணி நேரம்தான். காற்று நின்ற பிறகு போய்ப் பார்த்தால், மேட்டுப்பாளையம், சிறுமுகை, சத்தியமங்கலம், கோபி, அந்தியூர் பக்கம் தார் தள்ளிய வாழை வரிசை வரிசையாகப் படுத்துக் கிடக்கும். ஒரு வருசப் பாடு கால் மணி நேரத்தில் போய்விடுகிறது. இந்தக் காற்று எங்கிருந்து வருகிறது? அதை மனிதன் எப்படிக் கண்டுபிடித்தான்? இன்றைக்கு அந்த வரலாற்றைப் பார்ப்போம்.

முதலில் ஒன்றைத் தெளிவுபடுத்திக் கொள்ளுங்கள். ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்கிறோம். அந்தக் காற்று வேறு, இந்தக் காற்று வேறு. ஆடிக் காற்று தென்மேற்குப் பருவக் காற்று. நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே இருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கில் இருந்து வாரக்கணக்கில் ஒரே சீராக வீசும். பல்லடம், உடுமலைப் பக்கம் காற்றாலைகள் சுற்றுவது அதனால்தான். அது வரும் திசை நமக்குத் தெரியும். கோடைக் காற்றுக்கோ திசை கிடையாது. அது மேகத்தில் இருந்து கீழே விழுகிற காற்று.

எப்படி விழுகிறது? கோடையில் தரை காய்ந்து கொதிக்கிறது. கடல் பக்கத்து ஈரக் காற்று உள்ளே வந்து சூடாகி, மேலே எழும்பி, பெரிய இடிமேகமாகிறது. மழை இறங்கும்போது, மேகத்துக்கு அடியில் உள்ள வறண்ட காற்றில் பாதித் துளிகள் ஆவியாகிவிடும். மண்பானைத் தண்ணீர் எப்படிக் குளிர்கிறதோ, அப்படியே அந்தக் காற்றும் குளிர்ந்து கனத்துவிடும். கனத்த காற்று தொப்பென்று தரையில் விழுந்து நாலா பக்கமும் சிதறும். மழைக்கு முன்னால் ஜில்லென்று அடிக்கிறதே, அதுதான் இது.

இதைக் கண்டுபிடித்துச் சொன்னவர் ஃபுஜிட்டா என்ற ஜப்பானியர். அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தார். 1974 ஏப்ரலில் அந்த நாட்டில் ஒரே நாளில் 148 டொர்னாடோக்கள், அதாவது தூண் போலச் சுழலும் சூறாவளிகள், அடித்தன. அவர் விமானத்தில் பறந்து சேதத்தைப் பார்த்தார. சில இடங்களில் மரங்கள் சுழற்றி வீசப்பட்டுத் தாறுமாறாகக் கிடந்தன. வேறு சில இடங்களில் ஒரு நடுப்புள்ளியில் இருந்து நாலா பக்கமும் விரித்த மாதிரி சாய்ந்து கிடந்தன. இரண்டாவது வகை சுழல் காற்றால் வந்ததல்ல, மேலிருந்து விழுந்த காற்றால் வந்தது என்று கண்டுகொண்டார். 1975 ஜூனில் நியூயார்க்கில் தரையிறங்க வந்த ஒரு விமானம் இப்படிப்பட்ட காற்றில் சிக்கி நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அவர் சொன்னதை உலகம் கவனிக்க ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான்.

இனிமேல் உங்கள் தோட்டத்தில் வாழை சாய்ந்தால் நீங்களும் அப்படிப் பாருங்கள். எல்லாம் ஒரே பக்கமாகவோ விசிறி போலவோ கிடந்தால் அது விழுந்த காற்று. நம்ம பக்கம் பெரும்பாலும் இதுதான். டொர்னாடோ உண்டாக, தரைக் காற்றும் உயரத்துக் காற்றும் திசையிலும் வேகத்திலும் வெகுவாக மாறுபட வேண்டும். சித்திரையில் வங்காளப் பக்கம் அந்த நிலை உண்டு. 1989 ஏப்ரல் 26 அன்று வங்கதேசத்து மாணிக்கஞ்ச் மாவட்டத்தில் அடித்த டொர்னாடோவில் சுமார் 1,300 பேர் மாண்டார்கள். நமக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு.

அடுத்தது ஆலங்கட்டி. 1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப் பிரதேசத்து மொராதாபாத்தில் ஆரஞ்சுப் பழம் அளவுக்கு ஆலங்கட்டி விழுந்து 246 பேர் இறந்தார்கள். உலக வானிலை அமைப்பின் கணக்கில் ஆலங்கட்டிச் சாவில் இதுதான் முதலிடம். 1875-இல் தொடங்கிய இந்திய வானிலைத் துறையில் இருந்த ஜான் எலியட், நாட்டில் விழுந்த ஆலங்கட்டி மழைகளைத் தொகுத்து 1899-இல் வெளியிட்டார். 597 மழைகளில் 153-இல் கட்டிகள் 3 சென்டிமீட்டருக்குக் குறையாமல் இருந்தன. நம்ம கோடையில் தண்ணீர் உறையும் குளிர் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில்தான் இருக்கிறது. கட்டி அவ்வளவு தூரம் இறங்குவதற்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். ஊட்டி, குன்னூர் மலைகளில் சில சமயம் விழுவதும், சமவெளியில் அபூர்வமாக இருப்பதும் இதனால்தான்.

ஆலங்கட்டியைப் பீரங்கி வைத்துத் துரத்தவும் பார்த்திருக்கிறார்கள். 1896-இல் ஆஸ்திரியாவில் ஸ்டிகர் என்ற திராட்சை விவசாயி மேகத்தை நோக்கி வெடித்தார். இத்தாலியில் சில வருசத்திலேயே ஆயிரக்கணக்கான பீரங்கிகள் முளைத்தன. அரசாங்கங்கள் 1903, 1904-இல் வயலில் வைத்துச் சோதித்தபோது, பீரங்கி வெடித்த இடத்திலும் ஆலங்கட்டி கொட்டியது. ஆக, மேகத்தை விரட்டும் கருவி என்று யாராவது விற்க வந்தால் பணத்தை விட்டுவிடாதீர்கள்.

மேகத்தை மாற்ற முடியாது. நம்ம தோட்டத்தை மாற்றலாம். ஓணம் சந்தைக்கு என்று ஐப்பசியில் நேந்திரன் நட்டால், சித்திரை வைகாசியில் தார் தள்ளும். காற்றுக் காலமும் அதுதான். நல்ல விலையும் பெரிய ஆபத்தும் ஒரே கொடியில் காய்க்கின்றன. எல்லா நிலத்தையும் ஒரே பட்டத்தில் நடாமல் இரண்டாகப் பிரித்து நட்டால், ஒரு காற்றில் முழுப் பணமும் போகாது.

தார் தள்ளியதும் மரம் சாயும் பக்கத்தில் சவுக்கு அல்லது மூங்கில் முட்டுக் கொடுங்கள். அடியில் மண் அணையுங்கள். மேகம் திரளும் நாளில் தண்ணீர் பாய்ச்சாதீர்கள். ஈர மண்ணில் வேர் பிடிப்பு தளர்ந்துவிடும்.

காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதன் தள்ளுவிசை நான்கு மடங்காகும். வேகத்தைக் கொஞ்சம் குறைத்தாலே பெரிய லாபம். ஆடிக் காற்றுக்கு மேற்குப் பக்கத் தடுப்பு போதும். கோடைக் காற்று எந்தப் பக்கம் இருந்தும் வரும் என்பதால் நாலு பக்கமும் சவுக்கோ அகத்தியோ வேண்டும். மரத்தின் உயரத்தைப் போல் சுமார் 10 மடங்கு தூரத்துக்குப் பாதுகாப்பு கிடைக்கும். தடுப்பு சுவர் போல அடைத்து நிற்க வேண்டாம். காற்று கொஞ்சம் வடிந்து போகட்டும்.

இடியையும் மறக்கக் கூடாது. மின்னல் வெட்டி 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது. கொறங்காட்டில் மேயும் மாடுகளைத் தனி மரத்தடியில் நிற்க விடாதீர்கள், நீங்களும் நிற்காதீர்கள்.

கடைசியாக, பயிர்க் காப்பீடு. 2016-இல் வந்த பிரதமர் காப்பீட்டுத் திட்டத்தில் ஆலங்கட்டிச் சேதத்தை 72 மணி நேரத்துக்குள் தெரிவிக்க வேண்டும். காற்றுச் சேதம் உங்கள் பயிருக்குச் சேருமா, எந்தக் கணக்கில் சேரும் என்பதைப் பணம் கட்டும்போதே கேட்டு எழுதி வாங்குங்கள். சாய்ந்த பிறகு கேட்டுப் பயனில்லை.

காற்று எப்போது விழும் என்பதை வானிலைத் துறை இப்போது மூன்று மணி நேரத்துக்கு முன்னால் சொல்ல முயல்கிறது. எங்கே முட்டு இல்லை என்பது உங்களுக்குத்தான் தெரியும். பங்குனி பிறப்பதற்குள் ஒரு சுற்று நடந்து பாருங்கள்.