அறிகுறியிலிருந்து வயதுக்கு: போளூர் மலையடிவாரத்தில் நோய்த் தேடலின் வரலாறு

போளூரின் சுகாதார வரலாற்றை வேலூரிலிருந்துதான் தொடங்க வேண்டும். 1989இல் திருவண்ணாமலை தனி மாவட்டமாகும் வரை இந்த ஊர் வட ஆற்காட்டைச் சேர்ந்தது. அந்த மாவட்டத்தில் மருத்துவர் நோயாளியைத் தேடிப் போகும் வழக்கம் நூறாண்டுக்கு மேல் பழையது. மருத்துவர் ஐடா ஸ்கடர் வேலூரிலிருந்து மருந்துப் பெட்டியோடு புறப்பட்டு, சாலையோர மரத்தடிகளில் நின்று வைத்தியம் பார்த்தார். பின்னர் 1955இல் தொடங்கிய கரிகிரி தொழுநோய் மையத்தின் பணியாளர்கள், 1960களில் குடியாத்தம் பகுதியில் வீடு வீடாகச் சென்று தேமல் தேடினார்கள்.

இவ்விரு முயற்சிகளும் தேடியது கண்ணுக்குத் தெரிந்த நோயை. புண் இருந்தது, தேமல் இருந்தது, காய்ச்சல் இருந்தது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் அப்படி முகம் காட்டுவதில்லை. நாற்பது வயதில் வயல் வேலை செய்துகொண்டு, உடம்பில் ஒரு குறையுமில்லை என்று நம்புகிறவரை எந்தக் காரணம் சொல்லிப் பரிசோதனைக்கு அழைப்பது? இதற்குப் பொதுச் சுகாதாரம் கண்ட விடை, வயதையே காரணமாக்கியது. நோய்த் தேடலின் அடிப்படையே இதனால் மாறியது என்பது என் கருத்து.

தமிழக அரசின் 'வருமுன் காப்போம்' முகாம்கள் 1999இல் தொடங்கின. முகாம் ஒரு நாள் விழா போல வந்து போகும். அங்கே சந்தேகம் எழுந்தவர் பிறகு எங்கே போனார் என்பதுதான் கடினமான கேள்வி. இதற்குத் திண்டுக்கல் மாவட்டம் தெளிவான சான்று தருகிறது. 2000இல் அங்கே தொடங்கிய ஆய்வில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை செய்யப்பட்டது. அசிட்டிக் அமிலம் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறிய திசு வெளுத்துத் தெரியும். பயிற்சி பெற்ற செவிலியர்களே பார்த்தார்கள். தகுதியுள்ளவர்களுக்கு உறைகுளிர் சிகிச்சையையும் அங்கேயே கொடுத்தார்கள். 2007இல் வெளியான முடிவு, இந்நோய் தோன்றுவது 25 விழுக்காடும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்ததாகக் காட்டியது. சோதனைக்கும் சிகிச்சைக்கும் நடுவே பேருந்துப் பயணம் இல்லாததற்கு இந்த வெற்றியில் பெரும்பங்கு உண்டு என்றே நான் வாசிக்கிறேன்.

அதே 2007இல் உலக வங்கிக் கடனுதவியுடன் நடந்த தமிழ்நாடு சுகாதாரத் திட்டம் முன்னோடி முயற்சிகளில் இறங்கியது. தேனி, தஞ்சாவூரில் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்கும், சிவகங்கை, விருதுநகரில் ரத்த அழுத்தத்துக்கும் சோதனைகள் நடந்தன. 2012 முதல் இவை மற்ற மாவட்டங்களுக்கும் பரவின. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வேறு எதற்காக வந்தாலும், முப்பது வயது தாண்டியவருக்கு பிரஷர் பார்ப்பது நடைமுறையானது. 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்', சர்க்கரை, ரத்த அழுத்த மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுசென்றது. ஐடா ஸ்கடரின் மரத்தடியிலிருந்து வாசற்படி வரை வந்துவிட்ட இந்தத் தூரம் எளிதானதல்ல. 2025இல் முழு உடற்பரிசோதனையுடன் 'நலம் காக்கும் ஸ்டாலின்' முகாம்களும் வந்தன.

ஆனால் போளூரையொட்டிய ஜவ்வாது மலையில் இதே வரலாறு வேறு விதமாக முடிகிறது. ஜமுனாமரத்தூர் பக்கத்து மலையாளிப் பழங்குடிப் பெண் ஒருவரின் ரத்த அழுத்தத்தை ஊரிலேயே அளந்துவிடலாம். கருப்பை வாயிலோ மார்பகத்திலோ சந்தேகம் என்றால், மேல்சோதனைக்குப் போளூருக்கோ திருவண்ணாமலைக்கோ இறங்க வேண்டும். சாமை அறுப்புக் காலத்தில் அது ஒரு நாள் கூலியையும், துணைக்கு வருபவரின் கூலியையும் தின்னும். எத்தனை பேரைச் சோதித்தோம் என்ற கணக்கில் இந்த இழப்பு தெரியாது; சந்தேகம் எழுந்தவர்களில் எத்தனை பேர் சிகிச்சையை முடித்தார்கள் என்ற கணக்கில்தான் தெரியும். மலை வட்டாரத்துக்கு இந்தக் கணக்கைத் தனியாக எடுத்து வெளியிட வேண்டும்.

கருவி இப்போது தடையல்ல. புற்றுநோய்க்கு முந்தைய திசு மாற்றத்தைச் சூட்டால் அழிக்கும் முறைக்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் வழிகாட்டுதல் வெளியிட்டது. இதற்கு உறைகுளிர் சிகிச்சைபோல வாயு உருளை தேவையில்லை. பேட்டரியில் இயங்கும் கைக்கருவியே போதும். திண்டுக்கல் செவிலியர்கள் செய்ததை ஜமுனாமரத்தூரிலேயே செய்வதற்குத் தேவைப்படுவது, பயிற்சி பெற்ற செவிலியரை அங்கேயே நிரந்தரமாக அமர்த்தும் ஓர் ஆணை.