ஓரணாவின் வரலாறு

நம்மிடையே கல்வி வரலாறு பெரும்பாலும் பெரிய மனிதர்களின் கொடை வரலாறாகவே எழுதப்படுகிறது. 1956இல் காமராஜ் மதிய உணவு தந்தார், 1982இல் எம்.ஜி.ஆர். சத்துணவு தந்தார். 'தந்தார்' என்ற வினைச்சொல்லில், பள்ளிக்கூடம் யாருடையது என்ற கேள்வி அமுங்கிப் போகிறது.

1920 செப்டம்பர் 16 அன்று, பிட்டி தியாகராய செட்டியாரைத் தலைவராகக் கொண்டிருந்த சென்னை நகரசபை, ஆயிரம் விளக்குப் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தலைக்கு ஓரணாவுக்கு மிகாமல் தினமும் சிற்றுண்டி தரத் தீர்மானித்தது. பின்னர் மேலும் நான்கு பள்ளிகள் சேர்ந்தன. 1922–23இல் இந்த ஐந்திலுமாக 811 பிள்ளைகள், 1924–25இல் 1671. 1925 ஏப்ரல் முதல் தேதி உணவு நின்றது. அது பயனற்றது என்று யாரும் நிரூபிக்கவில்லை. ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இச்செலவு கூடாது என்று சர்க்கார் மறுத்ததுதான் காரணம். கணக்கேடுகளோடு பிழைக்கிற எவருக்கும் இது புரியும்: பணம் இருப்பது வேறு, அதை எந்தத் தலைப்பில் எழுதலாம் என்று சொல்லும் அதிகாரம் வேறு.

அந்தச் சபையை லட்சியமாக்க வேண்டியதில்லை. வரி செலுத்தியவர்களுக்கே அன்று வாக்குரிமை. உண்ட பிள்ளைகளின் பெற்றோரில் பலர் வாக்காளர்களே அல்ல. ஆயினும் அங்கே ஒரு தீர்மானம் முன்மொழியப்பட்டது, எதிர்க்கப்படவும் இடமிருந்தது.

1973இல் சென்னை நகரசபை கலைக்கப்பட்டது. 1996 வரை தேர்தல் இல்லை. தனி அதிகாரிகளே நிர்வகித்தார்கள். சத்துணவு வந்தது இந்த இடைவெளியில்தான். 1920ஐவிடப் பன்மடங்கு பிள்ளைகள் உண்டார்கள் என்பது மறுக்க முடியாதது. ஆனால் கார்ப்பொரேஷன் பள்ளியின் கூரை ஒழுகினால் சபையில் எழுந்து கேட்க ஓர் உறுப்பினர்கூட இல்லை என்பதும் உண்மை.

மேற்குப் புறநகரில் இது வேறு உருவம் கொண்டது. ஊராட்சி ஒன்றிய, நகராட்சிப் பள்ளிகளின் ஆசிரியர்கள் 1981 ஜூன் முதல் அரசு ஊழியர்களானார்கள். ஆசிரியர்களுக்கு இது நியாயமான பாதுகாப்பு. ஊரின் பெயர் பலகையில் தங்கிற்று. அதிகாரம் கல்வித் துறைக்குச் சென்றது. 2011இல் அம்பத்தூர் நகராட்சி உட்பட 42 உள்ளாட்சிகள் சென்னையோடு இணைக்கப்பட்டன. குப்பையும் வரியும் உடனே ரிப்பன் கட்டடத்தின் பொறுப்பாயின. இணைந்த பகுதிகளின் 139 பள்ளிகள் மாநகராட்சிக்கு வந்து சேரப் பத்தாண்டுக்கு மேல் பிடித்தது. அதற்குள்ளும் 2016 முதல் 2022 வரை மறுபடி சபையில்லாத காலம்.

1925இல் மேலிருந்த அரசு சோற்றை நிறுத்தியது. 1982இல் மேலிருந்த அரசே கொடுத்தது. இரண்டிலும் ஊர் வெறும் பார்வையாளர். பள்ளிகள் மாநகராட்சிக்கு வந்துவிட்டன. வார்டு உறுப்பினர்களும் 2022இல் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். அவர்கள் ஓரணா அளவேனும் தாமாக முடிவு செய்ய முடியுமா என்பதைப் பொறுத்தே, அம்பத்தூரில் ஒரு பள்ளி ஊருடைய பள்ளியா, ஊரில் இருக்கும் பள்ளியா என்று சொல்ல முடியும்.